அச்சிட்டவர் பெயர் எங்கே? — டப்ளினும் கள்ளக்குறிச்சியும்

ஐர்லாந்து தேசத்தின் வர்த்தமானங்களைத் தமிழ்நாட்டுத் தேசாபிமானிகள் வெகு ஆவலுடன் படித்து வந்த காலம் ஒன்று உண்டு. 'ஹோம் ரூல்' என்னும் சொல்லே அத்தேசத்திலிருந்து நமக்கு வந்தது. 1916-ம் வருஷம் சென்னையில் அச்சொல்லைக் கொடியாகப் பிடித்த அன்னி பெசண்ட் அம்மையார் ஐரிஷ் வம்சத்தில் வந்தவர். அதற்கு அடுத்த வருஷம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் ஏற்பட முன்னின்ற மார்கரெட் கஸின்ஸ் அம்மையார் ஐர்லாந்திலேயே பிறந்தவர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராய் விளங்கிய வி. வி. கிரி 1913 முதல் 1916 வரையில் டப்ளின் நகரில் சட்டம் பயின்றவர். அங்கே நேற்று நடந்தது இங்கே நாளை நடக்கும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை முற்றிலும் வீண் போகவில்லை.

விடுதலை கிடைத்த பின்பு அந்த வழக்கம் நம்மை விட்டு நீங்கிற்று. ஐர்லாந்து என்றால் இப்பொழுது நம் இளைஞர்களுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் உத்தியோகமே நினைவுக்கு வருகிறது. ஆயினும் அத்தேசத்தின் பொது வாழ்வை நாம் மீண்டும் ஊன்றிப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. டப்ளினில் நடந்த ஒரு காரியமும், நம் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் நடந்த ஒரு காரியமும் ஒரே அச்சில் வார்த்தாற் போல் அமைந்திருக்கின்றன. இம்முறை முந்தி நடந்தது நம் ஊரில். பிந்தி நடந்தது அவர்கள் ஊரில்.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

2022-ம் வருஷம் ஜூலை மாதம் 13-ந் தேதி, சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் ஒரு தனியார் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்து வந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்து கிடந்தாள். பெற்ற தாய் கேள்வி கேட்டாள். கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. உறவினரும் ஊராரும் நியாயம் கோரிச் சாலையில் உட்கார்ந்தார்கள். அதுவும் குற்றமன்று. ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு அதிகாரிகள் தரப்பிலிருந்து தெளிவான விடை வருவதற்கு முன்னால், கைபேசிகளில் ஆயிரம் விடைகள் வந்து குவிந்தன. இன்ன நாளில் இன்ன இடத்தில் கூடுங்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் அழைப்புப் பறந்தது. 17-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருங்கூட்டம் திரண்டது. பள்ளியின் பஸ்கள் கொளுத்தப்பட்டன. போலீஸ் வாகனமும் எரிந்தது. மேஜை நாற்காலிகள் சூறையாடப்பட்டன. பிள்ளைகளின் சான்றிதழ்களும் பதிவேடுகளும் சாம்பலாயின. போலீஸ் டி.ஐ.ஜி. உள்பட அதிகாரிகள் பலர் காயமுற்றார்கள். பிறகு 300-க்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள்.

2023-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி வியாழக்கிழமை, டப்ளின் நகரின் பார்னெல் சதுக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில், ஒருவன் கத்தியால் குத்தியதில் மூன்று சிறு குழந்தைகளும் அவர்களைப் பாதுகாக்கப் பாய்ந்த மாதும் காயமுற்றார்கள். குத்தியவன் இன்ன தேசத்தான், நேற்றுத்தான் வந்து இறங்கியவன் என்று ஒரு மணி நேரத்துக்குள் செய்தி பறந்தது. அவன் ஏறக்குறைய இருபது வருஷமாய் அத்தேசத்தில் வசிப்பவன் என்பதும், அவனைத் தலைக்கவசத்தால் அடித்து வீழ்த்திக் குழந்தைகளைக் காத்தவன் பிரேசில் தேசத்திலிருந்து பிழைக்க வந்து வீடுவீடாய் உணவு கொண்டு செல்லும் ஒரு தொழிலாளி என்பதும் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அதற்குள் மாலை ஏழு மணிக்குக் கூடுங்கள் என்று கைபேசி அழைப்புகள் சென்றுவிட்டன. அன்றிரவு மூன்று பஸ்களும் ஒரு டிராம் வண்டியும் தீக்கிரையாயின. 11 போலீஸ் வண்டிகள் சேதமுற்றன. 13 கடைகள் உடைக்கப்பட்டன அல்லது கொள்ளையிடப்பட்டன. 34 பேர் அன்றிரவே கைதானார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் இல்லை. டப்ளினில் கூட்டத்தின் கோபம் அந்நியர் மீது திருப்பப்பட்டது. கனியாமூரில் அது ஒரு குழந்தையின் சாவுக்கு நியாயம் கேட்டு எழுந்தது. ஆயினும் இரண்டிலும் வரிசை ஒன்றே. பள்ளிக்கூடம், குழந்தை, நியாயமான துயரம், உண்மை வருமுன் வதந்தி, வதந்தியுடன் அழைப்பு, அழைப்புடன் தீ. ஐந்தாயிரம் மைல் இடைவெளி இருந்தும் காரியம் ஒன்றாயிருப்பானேன்? இரண்டு ஊர்களிலும் செய்தியைச் சுமந்து சென்ற வண்டி ஒன்றே என்பதுதான் இதற்கு விடை.

பார்வைக்குக் கூலி

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. வதந்தி புதிதன்று, சந்தையிலும் குளக்கரையிலும் என்றைக்கும் அது உண்டு. புதிதாவது யாதெனில், வதந்திக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு. அதனை நம் வாசகர்கள் நன்கு தெரிந்துகொள்ள வேண்டும்.

யூடியூப் போன்ற மேடைகளில் ஒருவர் ஒரு படத்தை ஏற்றுகிறார். அதனை எத்தனை பேர் எத்தனை நேரம் பார்க்கிறார்களோ அதற்கேற்ப இடையிடையே விளம்பரம் காட்டப்படுகிறது. விளம்பரப் பணத்தில் ஒரு பங்கு படத்தை ஏற்றியவருக்கும் மற்றது கம்பெனிக்கும் சேருகிறது. எந்த விளம்பரத்தை எவர் கண்ணில் காட்டுவது என்பது, அவர் திரையைத் திறக்கும் கணத்திலேயே யந்திரங்களுக்குள் நடக்கும் ஏலத்தில் முடிவாகிறது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு நகைக்கடைக்காரர் தீபாவளி விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய காசு எந்தப் படத்தின் நடுவே போய் நின்றது, எந்தப் பொய்க்குக் கூலியாயிற்று என்பது அவருக்கே தெரியாது. நிதானமாகப் பேசுகிறவனைப் பார்ப்பவர் சிலர். 'இதோ மறைக்கப்பட்ட உண்மை' என்று அலறுகிறவனைப் பார்ப்பவர் பலர். ஆகவே அலறுகிறவனுக்குக் கூலி அதிகம். இதில் சதி ஒன்றும் வேண்டியதில்லை. கணக்கு ஒன்றே போதும்.

கனியாமூர் விவகாரத்தில் நாள்தோறும் புதுப் புதுத் துப்புத் துலக்கியவர்கள் எத்தனை பேர் என்று வாசகர்கள் அறிவார்கள். ஒரு பெண்ணின் சாவையும் பிரேதப் பரிசோதனையையும் வைத்துக்கொண்டு இணை விசாரணை நடத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வருஷமே கண்டிக்க நேர்ந்தது. கூட்டத்தில் கல்லெடுத்த பையன் கோர்ட்டுக்கு அலைகிறான். உத்தியோகத்துக்கு மனுப் போடும்பொழுதெல்லாம் அந்த வழக்கு அவன் முன்னே வந்து நிற்கிறது. அவன் கல்லெடுக்கும்படி பேசி, அப்பேச்சின் பார்வைக் கணக்கில் பணம் பெற்றவர்களோ, அப்பணத்தைத் திருப்பிக் கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இதனால் விளம்பரமே பாபம் என்று நாம் சொல்ல வரவில்லை. நமது பத்திரிகையும் விளம்பரத்தினால் நடப்பதே. அதனை மறைப்பதில் பயனில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பி தன் வேலைப்பாட்டைப் படமெடுத்து, தரகன் இல்லாமல் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் உள்ளவர்களுக்கு விற்க முடிகிறதென்றால், அது இந்த இணைய விளம்பரத்தின் புண்ணியமே. அவன் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, 'இது என் சரக்கு' என்று விற்கிறான். பெயர் சொல்லி விற்கிறவனைப் பற்றி நமக்கு வழக்கில்லை. பெயர் சொல்லாமல் விற்கிறவனைப் பற்றியே நமது வழக்கு.

பத்திரிகையின் கடைசி வரி

எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் அதன் கடைசிப் பக்கத்தின் அடியில், இன்னாரால் இன்ன இடத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது என்று ஒரு சிறு வரி இருக்கும். வாசகர்கள் அதைப் படிப்பதில்லை. வக்கீல்கள் மட்டும் முதலில் அதைத்தான் படிப்பார்கள். 1867-ம் வருஷத்திய அச்சக, புத்தகப் பதிவுச் சட்டத்தினால் வந்த வரி அது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2024 மார்ச்சு முதல் அமலுக்கு வந்த பின்பும், பத்திரிகைக்கு ஒரு பெயரும் விலாசமும் பொறுப்பாளியும் இருந்தேயாக வேண்டும் என்ற தத்துவம் மாறவில்லை. தேர்தல் துண்டுப் பிரசுரங்களுக்கும் அப்படியே. 1951-ம் வருஷத்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு, அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவர் பெயரும் விலாசமும் இல்லாமல் தேர்தல் நோட்டீசு எதுவும் வெளிவரக் கூடாதென்று விதிக்கிறது.

1867-ம் வருஷத்துச் சட்டத்தை அந்நிய சர்க்கார் நம் நன்மைக்காகச் செய்யவில்லை. எவனைப் பிடித்துச் சிறையில் அடைப்பது என்று தெரிந்துகொள்ளவே செய்தார்கள். அப்படியிருந்தும் நம் முன்னோர் அந்த வரியைக் கண்டு ஒளியவில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தொடங்கிய நாள் முதல், தேசீயப் பத்திரிகாசிரியர்கள் தங்கள் பெயரைத் துணிந்து போட்டார்கள். ஜாமீன் தொகை கேட்டார்கள், கட்டினார்கள். பறிமுதல் செய்தார்கள், மறுபடி கட்டினார்கள். சிறைக்கு அனுப்பினார்கள், போனார்கள். அபிப்பிராயம் சொன்னவன் அதன் விலையைத் தானே கொடுத்தான். அந்த விலைதான் அவன் சொல்லுக்கு மதிப்பைத் தந்தது.

இன்று நிலைமை தலைகீழாயிருக்கிறது. அபிப்பிராயம் சொல்கிறவன் விலை கொடுப்பதில்லை, விலை வாங்குகிறான். வாங்குகிறவன் பெயரும் தெரிவதில்லை, கொடுக்கிறவன் பெயரும் தெரிவதில்லை. பத்து ரூபாய்க்கு நூறு நோட்டீசு அச்சிட்ட காலத்தில் அச்சிட்டவன் பெயர் கேட்ட சட்டம், பத்து லக்ஷம் பேர் கையில் ஒரே இரவில் போய்ச் சேரும் பிரசாரத்தைப் பார்த்து, 'உன்னை அனுப்பியது யார்?' என்று திருத்தமாய்க் கேட்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு முன்னேற்றமும் இல்லையென்று சொல்ல மாட்டோம். 2019-ம் வருஷத்துப் பொதுத் தேர்தலுக்கு முன் கூகுள், பேஸ்புக் கம்பெனிகள் அரசியல் விளம்பரம் செய்தவர் பெயரையும் செலவையும் காட்டும் ஏடுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தன. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு சரக்கைப் புகழும் இணையப் பிரபலங்கள் அதை வெளிப்படையாய்ச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் விதிமுறை வெளியிட்டது. ஆன்லைன் சூதாட்டத்தை நடிகர்களைக் கொண்டு வீடுதோறும் விளம்பரம் செய்து குடும்பங்களைக் கெடுத்த அக்கிரமத்தைத் தடுக்கத் தமிழக சட்டசபை இரண்டு முறை மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுத்துச் சட்டம் செய்தது. ஆக, சோப்பு விற்கிறவன் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான். சூது விற்கிறவனும் தடுக்கப்பட்டிருக்கிறான். ஆத்திரம் விற்கிறவன் மட்டுமே கேள்வி முறையின்றி இருக்கிறான்.

ஐர்லாந்தின் அநுபவம்

இவ்விடத்தில்தான் ஐர்லாந்து நமக்கு உபயோகப்படுகிறது. பேஸ்புக், கூகுள், டிக்டாக், லிங்க்டின் ஆகிய கம்பெனிகளின் ஐரோப்பியத் தலைமை ஸ்தலம் டப்ளின். ஆகையால் ஐரோப்பிய ஜனங்களின் அந்தரங்க விவரங்களை அக்கம்பெனிகள் எப்படிக் கையாளுகின்றன என்று கண்காணிக்கும் முதற் பொறுப்பு அச்சிறு தேசத்தின் தலைமேல் விழுந்திருக்கிறது. 2021-ல் வாட்ஸ்அப்புக்கு 22½ கோடி யூரோ. 2023 மே மாதம் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனிக்கு 120 கோடி யூரோ. அதே வருஷம் செப்டம்பரில், குழந்தைகள் விஷயத்தில் தவறியதற்காக டிக்டாக்குக்கு 34½ கோடி யூரோ என்று அந்நாட்டு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. 2023 மார்ச்சில் ஒலிபரப்பு, இணையம் ஆகியவற்றுக்கென்று ஒரு தனிக் கமிஷனையும் அவர்கள் ஏற்படுத்தினார்கள். இத்தனையும் இருந்தும் அதே நவம்பரில் டப்ளின் வீதி எரிந்தது.

இதிலிருந்து முதற் பாடம்: அபராதம் பின்னால் வருவது, தீ முன்னால் வருவது. நூறு கோடி அபராதம் எரிந்த ஒரு பஸ்ஸை மீட்டுத் தராது. மேலும் அக்கம்பெனிகளின் வரியும் உத்தியோகமும் ஐர்லாந்துக்குப் பெரிய வரும்படி. காவற்காரனே வாடகைக்கு விட்டவனாகவும் இருந்தால் காவல் எவ்வளவு கடுமையாயிருக்கும் என்று ஐரோப்பாவிலேயே பலர் கேட்டு வருகிறார்கள். கம்பெனிகளை அழைத்து நிலமும் சலுகையும் கொடுக்கப் போட்டியிடும் நம் ராஜ்யங்கள் இதை மனத்தில் வைப்பது நன்று.

இரண்டாவது பாடம் பெயரைப் பற்றியது. 2018 மே மாதம் 25-ந் தேதி, கருச்சிதைவுச் சட்டம் சம்பந்தமாக ஐர்லாந்து மக்கள் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்னால், வெளிநாட்டிலிருந்து எவர் எவரோ பணம் கட்டி விளம்பரம் பரப்புவதாகக் கூக்குரல் எழுந்தது. பேஸ்புக் வெளிநாட்டு விளம்பரங்களை நிறுத்தியது. மறுநாள் கூகுள் அவ்வாக்கெடுப்பைப் பற்றிய விளம்பரங்கள் அனைத்தையுமே நிறுத்தியது. பின்னர் ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் செய்தது. அரசியல் விளம்பரம் என்றால் அதன் மேல் அப்படி எழுதியிருக்க வேண்டும். பணம் கொடுத்தவர் யார், எவ்வளவு, யாரைக் குறி வைத்து என்பதெல்லாம் தெரிய வேண்டும் என்று அது விதித்தது. 2025 அக்டோபர் 10-ந் தேதி அது முழுவதும் அமலுக்கு வந்தது. இரண்டு பெருங் கம்பெனிகளும் என்ன செய்தன? சட்டம் மிகவும் சிக்கலானது என்று சொல்லி, ஐரோப்பாவில் அரசியல் விளம்பரம் விற்பதையே நிறுத்திக்கொண்டன. பெயரைச் சொல் என்றதும் கடையைக் கட்டினார்கள் என்றால், அந்தக் கடையில் எது அதிகமாய் விலைபோயிற்று என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பாடம் நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு. ஐர்லாந்தில் ஆர்.டி.இ. என்னும் பொது ஒலிபரப்பு ஸ்தாபனம், வருஷத்துக்கு 160 யூரோ உரிமக் கட்டணம் ஜனங்களிடம் வாங்கி நடப்பது. அதன் பிரபல நிகழ்ச்சியாளர் ஒருவருக்கு, வெளியே அறிவித்த சம்பளத்துக்கு மேல் 3,45,000 யூரோ சில வருஷங்களில் கொடுக்கப்பட்டிருந்தது என்பது 2023 ஜூனில் வெளியாயிற்று. அதில் ஒரு பகுதி விளம்பரதாரர் வழியாய்ச் சுற்றிச் சென்றிருந்தது. தொகை பெரிதன்று, மறைத்ததே பெரிது. ஜனங்கள் உரிமக் கட்டணம் செலுத்துவதையே குறைத்துவிட்டார்கள். நம் நாட்டில், பணம் வாங்கிக்கொண்டு வேட்பாளரைப் புகழ்ந்து செய்தி போல் வெளியிடும் பழக்கத்தைப் பற்றி 2010-ல் பிரஸ் கவுன்சில் ஓர் அறிக்கையே தயாரிக்க நேர்ந்தது. ஆகவே கைபேசிக்காரனை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியாது. அச்சிட்ட பத்திரிகை தன் நாணயத்தை இழந்த இடத்தில்தான் அச்சிடாத வதந்தி குடியேறிற்று.

கருணாபுரம் காட்டும் மறுபக்கம்

அப்படியானால் பெயரில்லாத பேச்சை எல்லாம் சட்டத்தால் அடைத்துவிடலாமே என்று சிலர் சொல்லக் கூடும். சர்க்காருக்கு அந்த யோசனை இனிக்கவும் கூடும். அதனை நாம் முழு மூச்சுடன் எதிர்க்கிறோம். காரணத்தை வெளியே தேட வேண்டியதில்லை, கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது.

2024-ம் வருஷம் ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி நகரின் நடுவே, போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் எட்டாத தூரமில்லாத கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் கூலிக்காரர்கள். முதற் சாவுகள் நேர்ந்தபொழுது அவை சாராயத்தால் நேர்ந்தவை அல்ல என்ற பேச்சு அதிகாரிகள் தரப்பிலிருந்து வந்ததாகவும், அதனை நம்பி மேலும் பலர் குடித்ததாகவும் பலத்த குற்றச்சாட்டு எழுந்தது. கலெக்டர் மாற்றப்பட்டார், போலீஸ் சூப்பரிண்டெண்டு சஸ்பெண்டு செய்யப்பட்டார், அவ்வருஷம் நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்திய புலனாய்வுக்கு மாற்றியது.

இப்பொழுது வாசகர்கள் யோசிக்கட்டும். கருணாபுரத்தில் இன்ன தெருவில் இன்ன பாக்கெட் விற்கிறது என்று ஒரு கூலிக்காரன் முன்கூட்டியே ஊருக்குச் சொல்ல நினைத்திருந்தால், தன் பெயரைப் போட்டுச் சொல்லியிருக்க முடியுமா? சாராய வியாபாரியின் ஆள் அடுத்த நாள் அவன் குடிசை வாசலில் நிற்பான். ஏழையின் பெயரில்லாத சொல் அவனுடைய ஒரே கவசம். அதைப் பறிக்கிறவன் கள்ளச்சாராயக்காரனுக்கே காவலாளி.

கனியாமூரில் பொய் வேகமாய் வந்து தீயிட்டது. கருணாபுரத்தில் மெய் தாமதமாய் வந்து உயிர் போயிற்று. இரண்டும் ஒரே நோயின் இரு குணங்கள். ஆகையால் நாம் வேண்டுவது பேசுகிறவன் பெயரை அல்ல. பரப்புவதற்குப் பணம் கொடுத்தவன் பெயரையும், பரவியதால் பணம் பெற்றவன் பெயரையுமே வேண்டுகிறோம். காசில்லாத சொல் சுதந்திரமாய்ப் போகட்டும். காசு வாங்கிய சொல் முத்திரையோடு போகட்டும்.

எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைச் சர்க்காரிடம் கொடுப்பதும் மருந்தாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. மத்திய சர்க்கார் தன்னைப் பற்றிய செய்திகளுக்குத் தானே மெய் பொய் சொல்லும் அமைப்பு வைக்கச் செய்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. வாதியே நீதிபதியாவது எந்தக் கோர்ட்டிலும் வழக்கமில்லை.

மலையில் பத்திரிகை இல்லை

கல்வராயன் மலையைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தை முடிக்கலாகாது. 1976-ம் வருஷம் வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த மலை அது. நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழித்துத்தான் அம்மலைக்குச் சர்க்கார் வந்தது. அங்கு வசிக்கும் மலையாளி மக்களின் வாழ்க்கை நிலைமையை உயர் நீதிமன்றம் 2024-ல் தானே முன்வந்து வழக்காக எடுத்து விசாரிக்க நேர்ந்தது என்றால், அதற்கு முன்பு அவர்கள் குரல் எவ்வளவு தூரம் கேட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின் பலர் விரல் உடனே மலையை நோக்கி நீண்டது. மலையில் சாராயம் காய்ச்சப்படுவதுண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் மெத்தனால் மலையடுப்பில் ஊறல் போட்டு எடுக்கும் சரக்கன்று. ஆலைகளுக்கென்று உற்பத்தியாகும் ரசாயனம். இந்த ஒரு வரியை மலைவாசிகள் சார்பில் சொல்ல அவர்களுக்கு ஒரு பத்திரிகை இல்லை. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ தங்கி எழுதும் நிருபர் இல்லை.

ஐர்லாந்தின் கார்க் ஜில்லாவில் ஸ்கிபரீன் என்று ஒரு சிற்றூர். அவ்வூர்ப் பத்திரிகையாகிய 'ஈகிள்' 1898-ல், ருஷியச் சக்கரவர்த்தியின் நடத்தையைத் தான் கவனித்து வருவதாக எச்சரிக்கை விடுத்து உலகமே சிரிக்கும்படி செய்தது. நாமும் சிரிக்கலாம். ஆனால் ஒரு சிற்றூருக்குத் தன் சொந்தப் பத்திரிகை இருந்தது, அதற்கு அவ்வளவு தைரியமும் இருந்தது என்பதையும் நினைக்க வேண்டும். சக்கரவர்த்தியைக் கவனித்தவன், பக்கத்துத் தெருவில் சாராயம் விற்பதையும் கவனித்திருப்பான் அல்லவா? அந்த மரபை நினைத்தோ என்னவோ, ஐர்லாந்தின் புதிய கமிஷன் 2024-ல், ஊர்ச் சபைகளின் நடவடிக்கைகளையும் கோர்ட்டு விசாரணைகளையும் நேரில் உட்கார்ந்து எழுதும் நிருபர்களுக்காகப் பத்திரிகைகளுக்குப் பண உதவி செய்யும் திட்டங்களைத் தொடங்கியது. 120 கோடி யூரோ அபராதத்தைக் காட்டிலும் இச்சிறு திட்டமே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகிறது. பொய்யை விரட்டுவதைவிட மெய்யைக் குடியமர்த்துவது சுலபம், மலிவுங்கூட.

செய்ய வேண்டியவை

நமது யோசனைகள் நான்கு. முதலாவது, பணம் கொடுத்துப் பரப்பும் எந்த அரசியல், சமூகப் பிரசாரத்துக்கும், தேர்தல் காலமாயினும் அல்லாவிடினும், பணம் கொடுத்தவர் பெயரும் விலாசமும் அதன் மேலேயே இருக்க வேண்டும் என்று 127-ஏ பிரிவின் தத்துவத்தை இணையத்துக்கும் விரித்துச் சட்டம் செய்ய வேண்டும். கொலை, தற்கொலை, கலவரம் சம்பந்தமான விஷயங்களில் விசாரணை முடியும் வரையில் பார்வைக் கணக்கில் விளம்பரக் கூலி கொடுப்பதைக் கம்பெனிகள் நிறுத்திவைக்க வேண்டும். பேசுவதைத் தடுக்க வேண்டாம்; கூலியைத் தடுத்தால் போதும்.

இரண்டாவது, இத்தகைய நெருக்கடி நேரும்பொழுது ஜில்லாக் கலெக்டரும் போலீஸ் சூப்பரிண்டெண்டும் காலை மாலை இருவேளையும் குறித்த நேரத்தில் ஜனங்கள் முன் வந்து, தெரிந்தது இது, தெரியாதது இது, விசாரித்து வருவது இது என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது அதிகாரிக்கு அவமானமன்று. கனியாமூரில் 13-ந் தேதிக்கும் 17-ந் தேதிக்கும் இடையே நான்கு நாட்கள் இருந்தன. அந்த நான்கு நாட்களில் எட்டு முறை உண்மை பேசியிருக்கலாம்.

மூன்றாவது, பத்திரிகைகளாகிய நாங்கள் ஜில்லாவுக்கு ஒரு நிருபர் என்ற கணக்கை விட்டு, கிராம சபைக்கும் ஒன்றியக் கூட்டத்துக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும். பணம் பெற்றுப் போடும் ஒவ்வொரு வரிக்கும் தலையில் 'விளம்பரம்' என்று போட வேண்டும். நமது பத்திரிகை அதைச் செய்யும். தவறினால் வாசகர்கள் நம்மைக் கேட்கலாம்.

நான்காவது, தேசத்தொண்டில் ஈடுபட்ட அன்பர்களாகிய உங்களுக்கு. உங்கள் கையில் வரும் ஒவ்வொரு செய்தியையும் அடுத்தவருக்கு அனுப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை அனுப்பியவன் பெயர் எங்கே? இதனால் காசு பெறுகிறவன் எவன்? விடை கிடைக்காவிட்டால் அதை உங்கள் கையோடு நிறுத்துங்கள். கூட்டத்துக்கு ஆள் திரட்டுகிறவர் யாராயினும், கூட்டத்தின் முன்னால் தாம் நடந்து, நோட்டீசின் அடியில் தம் பெயரை எழுதட்டும். பெயர் எழுத அஞ்சுகிறவன் அழைக்கும் கூட்டத்துக்கு உங்கள் தம்பியை அனுப்பாதீர்கள்.

கனியாமூரில் ஒரு தாயின் கேள்வி புகையில் மறைந்தது. கருணாபுரத்தில் கூலிக்காரர்களின் உயிர் மௌனத்தில் மறைந்தது. இவ்விரண்டையும் கள்ளக்குறிச்சி மறக்கலாகாது. நம் முன்னோர் சிறையை எதிர்பார்த்துப் பெயர் எழுதிய தேசம் இது. வெறும் வெட்கத்துக்கு அஞ்சிப் பெயர் மறைப்பவர்களின் சொல்லுக்கு இங்கே ஒரு பஸ்ஸும் எரிய வேண்டாம், ஒரு பிள்ளையின் சான்றிதழும் சாம்பலாக வேண்டாம்.